தண்டத்திலே தரகா?

வீதிக் குற்றங்களுக்குத் தண்டப் பத்திரம் எழுதும் பொலிஸ் உத்தியோகத்தருக்கு, அவர் எழுதிய பத்திரங்களின் கணக்கைப் பார்த்து வெகுமதி கொடுக்கவேண்டும் என்ற யோசனை நம் நாட்டிலே அவ்வப்போது தலைதூக்குவதும், சிறிது காலம் உறங்குவதும், மீண்டும் எழுவதுமாய் இருந்து வருகின்றது. ஆண்டொன்றுக்கு 2,000க்கு மேற்பட்ட உயிர்களை வீதியிலே பறிகொடுக்கும் நாட்டில் இது பலருக்கு இனிப்பான யோசனையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஊக்கம் கொடுத்தால் பொலிசார் உழைப்பர்; உழைத்தால் குற்றவாளிகள் அகப்படுவர்; அகப்பட்டால் குற்றம் குறையும்; குற்றம் குறைந்தால் உயிர்கள் தப்பும். கணக்கு எவ்வளவு எளிதாக முடிந்துவிடுகின்றது! ஆனால் இக்கணக்கின் முதல் வரியிலேயே பிழை இருக்கின்றது என்பது நம் கருத்து.

வெறும் பேச்சை வைத்துக்கொண்டு நாம் வாதாட வரவில்லை. பொலிஸ் வெகுமதி நிதியம் என ஒன்று நெடுங்காலமாக இந்நாட்டில் இருந்து வருகின்றது. 2019ஆம் ஆண்டு யூலை மாதத்தில், மதுபோதையில் வாகனம் செலுத்துவோரைப் பிடிக்கும் விசேட நடவடிக்கை நாடெங்கும் தொடங்கப்பட்டபோது, அத்தகைய சாரதியைக் கைதுசெய்யும் பொலிசாருக்கு 5,000 ரூபா வெகுமதி என்று பொலிஸ் தலைமைப்பீடமே அறிவித்தது. ஆகவே, தலைக்கு இவ்வளவு என்று விலை குறிக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. அதனை மற்றக் குற்றங்களுக்கும் விரித்து, தண்டப் பணத்திலேயே ஒரு பங்கை எழுதியவர் கையிற் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்போர், ஏற்கெனவே திறந்திருக்கும் கதவை இன்னும் அகலத் திறக்கச் சொல்கின்றனர்.

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுபவனிடம் நமக்கு எவ்வித அனுதாபமும் இல்லை. அவனைப் பிடிக்கத்தான் வேண்டும், தண்டிக்கத்தான் வேண்டும். ஆயினும் வீதியிலே நிறுத்தப்பட்டிருக்கும் பொலிஸ் உத்தியோகத்தரின் வேலை யாது என்ற கேள்விக்கு முதலில் விடை காணவேண்டும். குற்றவாளியைப் பிடிப்பதா? அல்லது குற்றம் நிகழாமற் செய்வதா? இரண்டும் ஒன்றே போலத் தோன்றும், ஒன்றல்ல. சந்தியிலே எல்லோர் கண்ணுக்கும் தெரிய நிற்கும் பொலிஸ்காரரைக் கண்டதும் ஓட்டுபவன் வேகத்தைக் குறைக்கின்றான். அங்கே குற்றம் இல்லை, பத்திரமும் இல்லை. மதகுக்கு அப்பால் மரநிழலில் மறைந்து நிற்பவரோ ஒருவன் வேகமாக வரும்வரை காத்திருக்கின்றார்; வந்தபின் பிடிக்கின்றார். அங்கே குற்றமும் உண்டு, பத்திரமும் உண்டு. பத்திரத்துக்குப் பணம் என்று நாம் வகுத்துவிட்டால், முதலாமவர் ஊதியமில்லாத வேலையைச் செய்பவராகின்றார். இரண்டாமவரே கெட்டிக்காரர் ஆகின்றார். சட்டத்திற்குப் பணிந்து நடக்கும் ஊர் அவருக்கு நட்டம் தரும் ஊர். ஊரார் குற்றஞ் செய்யவேண்டும் என்று காவலரே விரும்பும் நிலையை நாமே பணங் கொடுத்து உண்டாக்கவேண்டுமா?

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தார் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். 1982ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி அங்கே எழுந்தமானமாக வாகனங்களை மறித்து மூச்சுச் சோதனை செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது. குடித்தவன் என்று சந்தேகிக்கப்படுபவனை மட்டுமன்றி, வருகின்ற எவரையும் நிறுத்தலாம் என்பது அதன் அடிப்படை. பொலிசார் ஒளிந்து நிற்கவில்லை. பெருவீதிகளிலே எல்லோரும் காணும்படி நின்றனர். எத்தனை பேர் அகப்பட்டனர் என்பதைவிட எத்தனை பேர் சோதிக்கப்பட்டனர் என்பதே அங்கே பெரிதாகக் கொள்ளப்பட்டது. சோதனை பெருகப் பெருகக் குடித்து ஓட்டுவோர் தொகை குறையவேண்டும் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பு. அம்மாநிலத்தில் மதுவினால் நேர்ந்த வீதி மரணங்கள் அதன்பின் வெகுவாகக் குறைந்தன. அங்கே ஒவ்வொரு கைதுக்கும் வெகுமதி என்று வைத்திருந்தால், திட்டம் வெற்றி பெறப்பெறப் பொலிசாரின் வருமானம் வீழ்ந்திருக்கும். தம் வருமானம் வீழ எவர்தாம் மனமுவந்து உழைப்பர்?

இன்னொன்றையும் நம் கமக்கார வாசகர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். எல்லாக் குற்றமும் ஒரே அளவு உழைப்பிற் பிடிபடுவதில்லை. தலைக்கவசத்தின் வாரைப் பூட்டாமல் வந்த ஒருவருக்குப் பட்டப்பகலில் பத்திரம் எழுதி முடிக்க ஐந்து நிமிடம் போதும். குடித்தவனைப் பிடித்தால் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும், பொலிஸ் நிலையத்திலே பதிய வேண்டும், நீதிமன்றத்திலே நிற்க வேண்டும். ஓர் இரவும் ஒரு பகலும் அதிலேயே போய்விடும். அறுவடைக் காலத்திலே, பின்விளக்கோ ஒளிதெறிக்கும் தகடோ இல்லாத பெட்டியிலே நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் ஏ-9 வீதியில் ஊர்ந்துசெல்லும் உழவு இயந்திரங்களை நாம் அறிவோம். அவற்றின் பின்னே வேகமாக வந்து மோதி மாண்டவர்களையும் அறிவோம். அந்த வீதியிலே இரவு முழுவதும் நுளம்புக்கடியில் நின்று, ஒவ்வொரு பெட்டியாக நிறுத்தி, விளக்குப் பூட்டச் செய்யும் பொலிஸ்காரர் நாலு உயிரையாவது காப்பார். ஆனால் விடியும்போது அவர் கையிலே நாலைந்து பத்திரமும் இராது. காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூடச் சந்தியிலே நிற்பவர் மதியத்துக்குள் ஒரு புத்தகத்தையே எழுதி முடித்துவிடுவார். பத்திரத்தின் எண்ணிக்கைக்கு வெகுமதி கொடுப்பது, ஆபத்து இருக்கும் இடத்தை விட்டு எளிது இருக்கும் இடத்துக்குப் பொலிசாரைக் கூலி கொடுத்து நகர்த்துவதேயாகும். (விளக்கில்லாப் பெட்டியை வீதிக்குக் கொண்டுவருவதும், தார்வீதியின் பாதியை மறித்து நெல் காயவைப்பதும் நம்மவர் குற்றமே. பொலிசாரைக் குறைகூறும் சாக்கில் அதனை நாம் மூடி மறைக்கப் போவதில்லை.)

அப்படியானால், 2019இற் போல மதுபோதைக் குற்றத்துக்கு மாத்திரம் வெகுமதி வைத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். எளிய குற்றங்களுக்கு ஓடமாட்டார்கள் அல்லவா? உண்மை, அந்த ஒரு கேட்டை அது தவிர்க்கும். மற்றொன்றைக் கொண்டுவந்து சேர்க்கும். நம் வாசகர்களிலே வழக்கறிஞர்கள் பலர் உளர். கைதுசெய்த உத்தியோகத்தர் சாட்சிக் கூண்டிலே ஏறியதும் எதிரியின் சார்பில் அவர்கள் கேட்கக்கூடிய முதற் கேள்வி யாது? "இவரைப் பிடித்ததற்காக உமக்கு எவ்வளவு கிடைத்தது?" என்பதன்றோ? நேர்மையுள்ள ஒரு பொலிஸ்காரர், உள்ளபடியே குடித்திருந்த ஒருவனைப் பிடித்துவந்த வழக்கிலே, அந்த 5,000 ரூபா அவருடைய சொல்லின்மேல் கறையாகப் படிந்துவிடுகின்றது. வெகுமதி கொடுத்தோர் அவருடைய சாட்சியத்தின் மதிப்பைத் தாமே குறைத்துவிட்டனர்.

சாட்சியின் நிலை இதுவாயின், நீதிபதியின் நிலை எப்படி? அமெரிக்க நாட்டிலே ஒகையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் நகரபிதாவே அங்கு மதுவிலக்கு வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாகவும் இருந்தார். எதிரி குற்றவாளி என்று தீர்ந்தால் அவருக்குச் செலவுப்பணம் கிடைக்கும். குற்றமற்றவர் என்று விட்டுவிட்டால் ஒன்றும் கிடையாது. 1927ஆம் ஆண்டிலே டுமி என்பவருக்கும் ஒகையோ மாநிலத்துக்கும் இடையே நடந்த வழக்கில், அந்நாட்டு உயர் நீதிமன்றம் அத்தகைய விசாரணை நீதியான விசாரணையன்று என்று ஒருமுகமாகத் தீர்த்தது. அந்த வழக்கில் நகரபிதாவுக்குக் கிடைத்த தொகை 12 டொலர்தான். தொகை சிறிதா பெரிதா என்பதன்று கேள்வி. தீர்ப்புச் சொல்பவனுக்குத் தீர்ப்பிலே பங்கிருக்கலாமா என்பதே கேள்வி.

பொலிஸ்காரர் நீதிபதியல்லரே என்று நம்மை மறுப்போர் உளராயின், அவர்கள் நம் நாட்டின் தண்டப் பத்திர முறையைச் சற்று நோக்குவார்களாக. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டு, நீதிமன்றஞ் செல்லாமலே தண்டங் கட்டும் வழி வகுக்கப்பட்டது. சாரதி அனுமதிப் பத்திரம் பொலிசாரின் கைக்குப் போய்விடும். அதற்குப் பதிலாகப் பதினான்கு நாட்களுக்குச் செல்லுபடியாகும் ஒரு தாள் கையிற் கிடைக்கும். தபாற் கந்தோரிலே பணத்தைக் கட்டிவிட்டு, பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப் பத்திரத்தை மீட்கலாம். அந்த நாட்கள் தவறினால் இருமடங்கு. அதுவும் தவறினால் நீதிமன்றம். குற்றத்தை மறுப்பவர் நீதவான் முன் சென்று வழக்காடும் உரிமை ஏட்டிலே இருக்கத்தான் செய்கின்றது. ஆனால் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாத் தண்டத்தை எதிர்த்து, ஒரு நாட் கூலியையும் பயணச் செலவையும் இழந்து, வழக்கறிஞரையும் பிடித்து வழக்காட எந்தக் கமக்காரனால் முடியும்? குற்றஞ் செய்யாதவனுங்கூடக் கட்டிவிட்டுப் போவதே இலாபம் என்று கட்டிவிட்டுப் போகின்றான். ஆகவே வீதியோரத்திலே நிற்கும் உத்தியோகத்தரே குற்றஞ்சாட்டுபவர், அவரே சாட்சி, நடைமுறையிலே அவரே நீதிபதி. இம்மூன்று பதவிகளும் ஒருவரிடமே இருக்க, நாலாவதாகப் பங்காளி என்ற பதவியையும் அவருக்குக் கொடுக்கலாமா என்பதுதான் நம்முன் உள்ள கேள்வி.

அரசாங்கத்துக்குச் சேரவேண்டியதை அறவிடும் வேலையிலே அறவிடுபவனுக்கு ஆதாயம் வைத்தால் என்ன நேரும் என்பதற்கு நாம் வேற்று நாட்டுச் சரித்திரத்தைப் புரட்டவேண்டியதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியிலே நெல்வரி என ஒன்று இருந்தது. பலகாலமாக அவ்வரியை அறவிடும் உரிமை ஏலத்திலே விடப்பட்டு வந்தது. ஏலமெடுத்த குத்தகைக்காரன் அரசாங்கத்துக்குக் கட்டிய பணத்தையும் தன் இலாபத்தையும் களத்துமேட்டிலேதான் தேடவேண்டியிருந்தது. விளைவை மதிப்பிடுபவனும் அவனே. மதிப்பு உயர்ந்தால் இலாபம் அடைபவனும் அவனே. அவன் வரும்வரை சூடுமிதிக்காமல் காத்திருந்த கமக்காரன் மழையிலே நெல்லை இழந்தாலும் கேட்பாரில்லை. 1892ஆம் ஆண்டிலே அவ்வரி ஒழிக்கப்பட்டபோது அதனைக் கண்டித்தோர் வரியின் பாரத்தை மட்டும் கண்டிக்கவில்லை. அறவிடும் முறையின் கொடுமையையும் எடுத்துரைத்தனர். களத்துமேட்டிலிருந்து போன குத்தகைக்காரன் காக்கிச் சட்டை அணிந்துகொண்டு வீதிச் சந்திக்குத் திரும்பி வரவேண்டுமா?

பெர்குசன் என்ற ஊரின் பெயரை நம் வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பர். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலே ஏறத்தாழ 21,000 பேர் வாழும் சிறு நகரம் அது. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டிலே மைக்கேல் பிரவுண் என்ற கறுப்பின இளைஞர் அங்கே பொலிஸ்காரர் ஒருவராற் சுட்டுக்கொல்லப்பட்டதும் நகரம் கொதித்தெழுந்தது. அந்நாட்டு நீதித் திணைக்களம் ஆராய்ந்து 2015ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, கோபத்தின் வேர் எங்கே இருந்தது என்பதைக் காட்டிற்று. அந்நகரம் 2015ஆம் நிதியாண்டுக்குத் தன் பொது வருமானமாக எதிர்பார்த்த 1 கோடியே 32 இலட்சம் டொலர் அளவிலே, தண்டங்களாலும் கட்டணங்களாலும் மட்டும் 30 இலட்சத்துக்கு மேல் எதிர்பார்த்தது. நிதி அதிகாரி பொலிஸ் தலைவருக்கு எழுதுவார்: பத்திரங்கள் கூடாவிட்டால் வருமானம் கூடாது என்று. பொலிஸ்காரரின் பதவி உயர்வு அவர் எழுதிய பத்திரங்களைப் பொறுத்திருந்தது. ஒருவரை ஒருமுறை நிறுத்தி எத்தனை பத்திரம் எழுதலாம் என்று தமக்குள்ளே போட்டியிட்டோரும் அங்கே இருந்தனர்.

அந்த அறிக்கையிலே ஒரு பெண்ணின் கதை வருகின்றது. 2007ஆம் ஆண்டிலே காரைப் பிழையான இடத்தில் நிறுத்தியதற்காக அவருக்கு விதிக்கப்பட்ட தண்டம் 151 டொலரும் கட்டணங்களும். வறியவர், தவணைக்குத் தவணை வரத் தவறினார். தவறிய ஒவ்வொரு முறைக்கும் புதுத் தண்டம். இருமுறை கைதானார், ஆறு நாள் சிறையிலிருந்தார், 550 டொலர் கட்டினார். 2014ஆம் ஆண்டு டிசம்பரிலே அவர் இன்னும் கட்டவேண்டியிருந்தது 541 டொலர்! நகரத்திலே கறுப்பினத்தார் நூற்றுக்கு 67 பேர். பத்திரம் பெற்றோரிலோ நூற்றுக்கு 90 பேர் அவர்களே. பொலிஸ்காரரின் சட்டைப்பைக்கு நேரே ஒரு காசும் போகாத இடத்திலேயே நிலைமை இது. பணத்துக்காகச் சட்டத்தை நடத்தும்போது அது எவர்மேல் முதலில் விழும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. எதிர்த்துக் கேட்க வலியற்றவர் மேலேயே அது விழும்.

அதே 2014ஆம் ஆண்டிலே புளோரிடா மாநிலத்து வோல்டோ என்ற சிற்றூரில் நடந்ததும் குறிப்பிடத்தக்கது. பன்னிரண்டு மணி நேரக் கடமையிலே பன்னிரண்டு பத்திரம் எழுதவேண்டும் என்று தம்மை மேலதிகாரி வற்புறுத்துவதாக நகரசபையிலே முறையிட்டோர் வேறு எவருமல்லர், அவ்வூர்ப் பொலிஸ்காரர்களே. அவ்வாறு தொகை குறிப்பது அம்மாநிலச் சட்டத்திற்கு மாறானது. சில வாரங்களிலே அவ்வூர்ப் பொலிஸ் படையே கலைக்கப்பட்டது. பத்திரக் கணக்கு நல்ல பொலிஸ்காரருக்கும் பிடிக்காத சுமை என்பதனை இங்கே வெகுமதி கேட்போர் மனத்திற் கொள்ளுதல் நன்று.

அமெரிக்காவின் கதை நமக்கு எதற்கு என்று தள்ளிவிடுதல் ஆகாது. நீதவான் நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டப்பணம் நம் நாட்டிலே மாகாண சபைகளின் வழியாக உள்ளூராட்சி மன்றங்களின் வருமானத்திலே சேர்கின்றது. வரி அறவிட வழியற்ற பிரதேச சபைகளுக்கு இது பெரிய வரவு. 2016ஆம் ஆண்டு நவம்பரிலே, சில வீதிக் குற்றங்களுக்கு 25,000 ரூபா தண்டம் என்ற முன்மொழிவு எங்கிருந்து வந்தது? போக்குவரத்துப் பகுதியிலிருந்தா? இல்லை, நிதியமைச்சரின் வரவு செலவுத் திட்ட உரையிலிருந்து வந்தது. அடுத்த மாதமே தனியார் பஸ் உரிமையாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்கள் பஸ் ஓட்டும் சீரைப் பற்றி நமக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. ஆனால் உயிர்காக்கும் சட்டத்தை வருமானக் கணக்கோடு சேர்த்துப் படித்தால், குற்றவாளிக்கும் நியாயம் பேச இடங் கிடைத்துவிடுகின்றது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

நமக்கு மாறான சான்றையும் சொல்லவேண்டும். பிரித்தானியாவிலே 2000ஆம் ஆண்டு முதல் 2007ஆம் ஆண்டு வரை, வேகத்தைப் பதியும் வீதிக் கமராக்களின் செலவைத் தண்டப் பணத்திலிருந்தே ஈடுசெய்யும் முறை இருந்தது. கமரா வைத்த இடங்களிலே மரணமும் படுகாயமும் குறைந்தன என்றே அங்கு ஆராய்ந்தோர் கண்டனர். ஆனால் அம்முறையின் நிபந்தனைகளையும் பார்க்கவேண்டும். விபத்துகள் நடந்த இடங்களிலேயே கமரா வைக்கலாம். ஒளித்துவைக்காமல் மஞ்சள் நிறந் தீட்டித் தெரியும்படி வைக்கவேண்டும். செலவுக்கு மேற்பட்ட பணம் திறைசேரிக்கே போகும். எந்த உத்தியோகத்தருக்கும் பங்கு கிடையாது. இத்தனை காவலிருந்தும், இது பணம் பறிக்கும் பொறி என்ற பொதுமக்களின் சந்தேகம் தீரவில்லை. ஈற்றிலே தண்டத்துக்கும் செலவுக்கும் இருந்த தொடர்பை அரசாங்கமே அறுத்துவிட்டது. இவ்வளவு கட்டுக்காவலோடும் அங்கே நிலைக்காத ஒன்று, எந்தக் கட்டுமில்லாமல் இங்கே நிலைக்குமா?

வெகுமதி வேண்டும் என்போர் கையிலே வலிமையுள்ள ஆயுதம் ஒன்று உண்டு, அதுதான் இலஞ்சம். வீதியிலே நடப்பது யாருக்கும் தெரியாத இரகசியமன்று. மூவாயிரம் ரூபாத் தண்டத்துக்குரிய குற்றம் ஆயிரம் ரூபாத் தாளொன்றோடு தீர்ந்துவிடுகின்றது. அந்தத் தாளை வாங்குவதைவிடப் பத்திரத்தை எழுதுவது பொலிஸ்காரருக்கு இலாபமாக இருந்தால் அவர் பத்திரத்தைத்தானே எழுதுவார் என்பது அவர்கள் வாதம். இது அறிவிலிகளின் வாதமன்று. சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும், பின்னர் நோபல் பரிசு பெற்றவர்களுமான பொருளியலறிஞர் கரி பெக்கரும் ஜோர்ஜ் ஸ்டிக்லரும் 1974ஆம் ஆண்டிலே ஏறக்குறைய இதையே ஆராய்ந்து எழுதினர். சட்டத்தை நடத்துவோருக்கு வேலையை இழக்க அஞ்சும் அளவு உயர்ந்த சம்பளம் கொடுத்தல் ஒரு வழி. குற்றத்தைப் பிடிப்போருக்குத் தண்டத்தையே ஊதியமாகக் கொடுத்தல் மற்றொரு வழி.

ஏட்டிலே இது பொருந்தும். சந்தியிலே பொருந்துமா? தண்டத்திலே பங்கு உண்டு என்று ஆனபின் பொலிஸ்காரர் சாரதியிடம் சொல்லப்போவது யாது? "எழுதினால் எனக்கு இவ்வளவு கிடைக்கும், எழுதாமல் விடவேண்டுமானால் அதற்குமேல் நீ தரவேண்டும்" என்பதுதான். முன்னே ஆயிரமாயிருந்த கைக்கூலி ஆயிரத்தைந்நூறு ஆகும். சாரதிக்கோ மூவாயிரத்துக்கு அது இன்னும் மலிவே. இலஞ்சம் ஒழியாது, அதற்கு ஓர் அடிவிலையை அரசாங்கமே குறித்துக் கொடுத்ததாகும். பங்கு முழுத் தண்டத்தையும் எட்டினாலன்றி இந்தப் பேரம் மறையாது. முழுத் தண்டத்தையும் கொடுத்தாலோ நாம் மேலே சொன்ன குத்தகைக்காரனே வந்து நிற்பான்.

சம்பளத்தை மட்டும் உயர்த்தினால் எல்லாஞ் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லோம். ஆபிரிக்காவின் கானா நாடு 2010ஆம் ஆண்டிலே பொலிசாரின் சம்பளத்தை ஏறத்தாழ இருமடங்காக்கியது. நெடுஞ்சாலைகளிலே லொறிச் சாரதிகள் கொடுத்த கைக்கூலியைக் கணக்கெடுத்து ஆராய்ந்த அறிஞர்கள், அது குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கக் கண்டனர். கண்காணிப்பும் தண்டனையும் இல்லாத சம்பள உயர்வு வெறும் உயர்வாகவே நின்றுவிடும்.

அப்படியானால் வழி என்ன? சாரதி ஏன் அந்த ஆயிரம் ரூபாவைக் கொடுக்கின்றான் என்று சிந்தித்தால் வழி தெரியும். தண்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று. அனுமதிப் பத்திரத்தை இழந்து, தபாற் கந்தோருக்கு ஒருமுறையும் பொலிஸ் நிலையத்துக்கு ஒருமுறையும் அலைந்து, இரண்டு நாளைப் பாழாக்க அவன் அஞ்சுகின்றான். பருத்தித்துறையிலிருந்து கொழும்புக்குப் போகும் மரக்கறி லொறிக்காரனுக்கு வழியிலே குருநாகலிற் பிடிபட்டால், அந்தப் பத்திரத்தை மீட்க மீண்டும் குருநாகலுக்கே போகவேண்டும். அவன் விலைகொடுத்து வாங்குவது குற்றவிலக்கை அன்று, நேரத்தை. 2025ஆம் ஆண்டு ஏப்பிரலிலே குருநாகல் அநுராதபுரம் வீதிப் பகுதியில், 'கவ்பே' என்ற அரசாங்க முறையினூடாகத் தண்டத்தை அவ்விடத்திலேயே கைத்தொலைபேசியாற் கட்டி, அனுமதிப் பத்திரத்தை உடனே பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. ஆரவாரமில்லாத இவ்வேற்பாடு எந்த வெகுமதியைவிடவும் இலஞ்சத்தின் அடிவேரை அறுக்கவல்லது. கட்டிய பணம் எவர் கையிலும் தொடாமற் போகின்றது. எழுதியவர் பெயரும் நேரமும் இடமும் பதிவாகின்றன. எந்தச் சந்தியிலே எந்த உத்தியோகத்தர் எவ்வகைக் குற்றத்தையே திரும்பத் திரும்ப எழுதுகின்றார் என்பதை மேலதிகாரி கொழும்பிலிருந்தே பார்க்கலாம்.

வடக்கு, கிழக்கிலே இதற்கு இன்னொரு முகமும் உண்டு. தமிழும் அரச கருமமொழி என்று 1987ஆம் ஆண்டு முதல் அரசியலமைப்பு சொல்கின்றது. ஆயினும் நம் வீதிகளிலே கடமை பார்க்கும் பொலிசாரிற் பலர் தமிழ் எழுத அறியார். அச்சடித்த தாளிலே மூன்று மொழியும் இருந்தாலும், எந்தக் குற்றம், எந்த இடம் என்று கையால் நிரப்பப்படுவது பெரும்பாலும் சிங்களத்திலேயே. தன்மேல் என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்று வாசித்தறிய முடியாத ஒருவனிடம், எழுதியவருக்கு அதிலே பங்குண்டு என்றும் சொன்னால், அவன் நெஞ்சிலே என்ன தோன்றும்? சட்டத்தின்மேல் மதிப்பா? சிங்களக் கிராமத்துக் கமக்காரனுக்கும் இந்தப் பங்கு முறை அநீதியே. நம்மவனுக்கு அது அநீதியோடு புதிருமாகும்.

பொலிஸ்காரருக்கு ஒன்றுமே கொடுக்கலாகாது என்று நாம் வாதிடவில்லை. வெயிலிலும் புழுதியிலும் எட்டு, பத்து மணி நேரம் நிற்பவர். பெண்டு பிள்ளைகளைத் தெற்கிலே விட்டுவிட்டு இங்கே வந்து தகரக் கூரையின் கீழ் உறங்குபவர். அவருக்கு இரவுக் கடமைப் படி கொடுங்கள். மனிதர் வாழத்தக்க விடுதி கொடுங்கள். மூச்சுச் சோதனைக் கருவியும் வேகமானியும் குறைவறக் கொடுங்கள். தமிழ் கற்றுத் தேறினால் அதற்கும் சம்பள உயர்வு கொடுங்கள். கூட்டாக வெகுமதி கொடுத்தே தீரவேண்டுமென்றால், ஒரு பொலிஸ் பிரிவிலே வீதி மரணம் குறைந்ததற்காக அப்பிரிவு முழுவதற்கும் கொடுங்கள். பத்திரத்தைப் பொய்யாகக் கூட்டலாம். சிறு விபத்தைப் பதியாமல் மறைக்கலாம். மரணத்தை மறைத்தல் எளிதன்று. அதற்கு வைத்தியர் உளர், மரண விசாரணை அதிகாரி உளர், ஊரவர் உளர். அந்த வெகுமதிக்காக உழைப்பவர் மரநிழலிலே மறைந்து நிற்கமாட்டார். வளைவிலே தெரிய நிற்பார். விளக்கில்லாப் பெட்டியை நிறுத்துவார்.

இனி, நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பொலிஸ் வெகுமதி நிதியத்திலிருந்து 2019ஆம் ஆண்டு முதல் இன்றுவரை வீதிக் குற்றங்களுக்காகக் கொடுக்கப்பட்ட தொகை எவ்வளவு, எந்தக் குற்றத்திற்கு எவ்வளவு, எந்தப் பொலிஸ் பிரிவிற்கு எவ்வளவு, அப்பிரிவுகளிலே அக்காலத்தில் நேர்ந்த வீதி மரணங்கள் எத்தனை என்ற நான்கு கேள்விகளையும் எழுத்திலே கொடுத்து, பொலிசுக்குப் பொறுப்பான அமைச்சரிடம் சபையிலே மறுமொழி கேட்கலாம். மறுமொழி வரும் மட்டும் புதிய வெகுமதி எதுவும் அறிவிக்கப்படாதிருக்க வேண்டும் என்றும் கேட்கலாம்.